மருந்து மலைக்கு வந்து சேரும் காலம்: ஆய்வுக் கூட்டு வலையமைப்புகள் பற்றி ஒரு விளக்கம்

பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கு இரத்தப்போக்கு நிற்காவிட்டால், உயிரைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. இலங்கையின் மலையகத்தில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் வைத்தியசாலைகளிலேயே நடக்கின்றன. ஆனாலும் சிறிய வைத்தியசாலையொன்றில் நிலைமை கைமீறும்போது, திக்கோயாவுக்கோ நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ கண்டிக்கோ அம்புலன்ஸில் அனுப்பப்படும் தாய் கடக்க வேண்டியிருப்பது வளைவும் சரிவும் பனிமூட்டமும் நிறைந்த பாதை. அந்தப் பயணம் தொடங்குமுன்பே நாளத்தில் ஏற்றிவிடக்கூடிய, விலை குறைந்த ஒரு மருந்து உண்டு. உறைந்த இரத்தம் மீண்டும் கரைந்துவிடாமல் தடுக்கும் டிரானெக்சமிக் அமிலம் என்ற அந்த மருந்தை, ஜப்பானிய ஆய்வாளர்களான உதாகோ ஒகமோட்டோவும் அவருடைய கணவர் ஷோசுகே ஒகமோட்டோவும் 1962ஆம் ஆண்டில் அறிவித்தார்கள். பிரசவத்தின்பின் இரத்தம் இழந்து தாய்மார் இறப்பதைத் தடுக்க வேண்டும் என்பது உதாகோவின் பெருவிருப்பமாக இருந்தது. அம்மருந்து உண்மையிலேயே தாய்மாரின் உயிரைக் காக்கிறது என்று நிறுவப்பட்டதோ 2017ஆம் ஆண்டில்தான். இடையில் 55 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த முடிவைக் காணாமலே 2016இல் உதாகோ காலமானார்.

இந்த 55 ஆண்டுகளில் மருந்து மாறவில்லை. அதைத் தயாரிக்கும் முறையில் பெரிய தடையேதும் இருக்கவில்லை. சத்திரசிகிச்சைகளிலும் மாதவிடாய் மிகைப்போக்குக்கும் அது பயன்பட்டுக்கொண்டுதான் இருந்தது. பிரசவத்தின்பின் அது பயன்தருமா என்று சோதித்துப் பார்க்கும்படி தம் ஊர் மகப்பேற்று மருத்துவர்களை இணங்கவைக்க உதாகோவால் இயலவில்லை. அவர்கள் இணங்கியிருந்தாலும், ஒரு நகரத்து வைத்தியசாலையால் அந்தக் கேள்விக்கு விடை கண்டிருக்க முடியாது என்பதே உண்மை. கடைசியில் விடையைத் தந்தது இலண்டனிலுள்ள பொதுச் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியை மையமாகக் கொண்டு உருவான ஒரு வலையமைப்பு. முதலில் விபத்துகளில் காயமடைந்த 20,211 பேரை 40 நாடுகளின் 274 வைத்தியசாலைகளில் சேர்த்து, இம்மருந்து இறப்பைக் குறைக்கிறது என்று 2010இல் அது காட்டியது. பின்னர் 21 நாடுகளின் 193 வைத்தியசாலைகளில் 20,060 தாய்மாரைச் சேர்த்து 2017இல் இரண்டாவது முடிவை வெளியிட்டது. பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் மருந்து ஏற்றப்பட்டவர்களிடையே இரத்தப்போக்கினால் நேர்ந்த இறப்புகள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தன. மூன்று மணி நேரம் கடந்தபின் ஏற்றியதில் பயன் தென்படவில்லை. இவ்விரு ஆய்வுகளிலும் பங்கேற்ற 40,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றாக வைத்து ஆராய்ந்தபோது, ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் மருந்தின் பயன் ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்துகொண்டே போவதும் தெரியவந்தது. தோட்டப் பாதைகளை அறிந்தவர்களுக்கு இந்தக் கடைசிக் கணக்கின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

மருத்துவ ஆய்வு நோயாளியைச் சென்றடையத் தாமதமாவதற்கான காரணங்களுள் மிகப் பெரியது, ஒரே கேள்விக்கு ஒரே முறையில் பலர் சேர்ந்து விடை தேடுவதற்கான ஏற்பாடு இல்லாமையே என்று நான் கருதுகிறேன். ஆய்வில் உருவாகும் புதிய அறிவில் ஒரு சிறு பகுதி மட்டுமே, அதுவும் சராசரியாக 17 ஆண்டுகளின் பின்னரே, அன்றாடச் சிகிச்சையாக மாறுகிறது என்று 2000ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. அந்த எண் நோய்க்கு நோய் மாறுபடும். தாமதம் எங்கே விழுகிறது என்பது மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆய்வுகூடத்தில் கண்டதை மனிதரில் சோதிக்கும்வரை ஓர் இடைவெளி இருக்கிறது. மனிதரில் நிரூபணமானதைக் கடைசி வைத்தியசாலையும் கைக்கொள்ளும்வரை இன்னோர் இடைவெளி இருக்கிறது. முதலாவதைப் பற்றிச் செய்தித்தாள்கள் நிறையவே எழுதுகின்றன. மலையகத்தவரின் உயிர் அதிகம் தொங்கிக்கொண்டிருப்பது இரண்டாவதில்தான்.

ஏன் இவ்வளவு பேர் தேவைப்படுகிறார்கள் என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். குறித்த ஒரு நோயால் வைத்தியசாலையில் சேர்க்கப்படுவோரில் 100க்கு 10 பேர் இறக்கிறார்கள் என்றும், புதிய சிகிச்சையொன்று அதை 8 ஆகக் குறைக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் குறைவு தற்செயலாக நேர்ந்ததன்று என்று ஓரளவு உறுதியாகச் சொல்ல, புதிய சிகிச்சை பெறுவோர் ஏறத்தாழ 3,200 பேரும் வழக்கமான சிகிச்சை பெறுவோர் அதேயளவினரும் வேண்டும். ஆண்டுக்கு அத்தகைய 400 நோயாளிகளைக் காணும் வைத்தியசாலை, ஒருவரையும் விடாமல் சேர்த்தாலும், விடைக்காக 16 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதேபோன்ற 40 வைத்தியசாலைகள் ஒரே நெறிமுறையின்கீழ் சேர்ந்தால் ஐந்து மாதங்கள் போதும். தனித்தனியே 40 சிறு ஆய்வுகளை நடத்தினால் 40 மங்கலான விடைகளே கிடைக்கும். நோயாளிகளின் நேரமும் நம்பிக்கையும் செலவானதுதான் மிச்சம்.

கொவிட் தொற்றின் முதல் மாதங்களில் இந்த வேறுபாடு உலகின் கண்முன்னே நிகழ்ந்தது. சீனாவின் ஹுபெய் மாகாணத்தில் ரெம்டெசிவிர் மருந்தைச் சோதித்த ஆய்வுக்கு 453 பேர் தேவைப்பட்டார்கள். அங்கே தொற்று அடங்கியதால் 237 பேரோடு அது நின்றுபோயிற்று. மருந்தின் பயன்பற்றித் தீர்மானமாக எதையும் அதனால் சொல்ல முடியவில்லை. பிரித்தானியாவில் பீட்டர் ஹோர்பியும் மார்ட்டின் லாண்ட்ரேயும் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்திலிருந்து வழிநடத்திய ரிக்கவரி ஆய்வோ, நெறிமுறை எழுதத் தொடங்கி ஒன்பது நாட்களில், 2020 மார்ச் 19ஆம் திகதி, முதல் நோயாளியைச் சேர்த்துக்கொண்டது. மூன்று மாதங்களுக்குள் நாட்டின் 170க்கும் மேற்பட்ட வைத்தியசாலைகளில் 11,000க்கும் அதிகமானோர் அதில் சேர்ந்திருந்தார்கள். ஜூன் 16ஆம் திகதி, டெக்சாமெதசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீரொயிட் மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை மூன்றிலொரு பங்கும், ஒட்சிசன் மட்டும் பெற்றோரின் இறப்பை ஐந்திலொரு பங்கும் குறைக்கிறது என்று அறிவிக்கப்பட்டது. ஒட்சிசன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயனில்லை என்பதும் கூடவே தெரிந்தது. பிரித்தானிய அரச வைத்தியசாலைகள் அன்றைய தினமே அதைச் சிகிச்சையாக ஏற்றுக்கொண்டன. அது 1950களிலிருந்தே உள்ள மருந்து. நம் மாவட்ட வைத்தியசாலைகளின் மருந்து அலுமாரிகளிலும் ஏற்கெனவே இருந்தது. எனவே, ஒக்ஸ்போர்டில் கிடைத்த விடை நாவலப்பிட்டியில் பயன்படுவதற்குப் புதிய கப்பல் எதுவும் வர வேண்டியிருக்கவில்லை.

ரிக்கவரி ஆய்வின் வேகத்துக்கு மேதைமையைவிட முன்னேற்பாடே கூடுதலாக உதவியது. அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் நாட்டுக்கான பாடம் அங்கேதான் இருக்கிறது. அங்கே 2006ஆம் ஆண்டிலிருந்தே அரச நிதியில் இயங்கும் ஆய்வு வலையமைப்பு ஒன்று இருந்தது. அதன் வழியாகச் சிறிய ஊர் வைத்தியசாலைகளிலும் ஆய்வுக்கென்றே சம்பளம் பெறும் தாதியர் பணியில் இருந்தார்கள். ஒவ்வொரு வைத்தியசாலையும் தனித்தனி அறநெறி அனுமதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்காமல், நாடு முழுவதற்கும் ஒரே அனுமதி விரைந்து வழங்கப்பட்டது. நோயாளியைச் சேர்க்கும்போது நிரப்ப வேண்டிய விபரங்கள் மிகக் குறைவாக வைக்கப்பட்டன. நெருக்கடியில் ஓடித்திரியும் மருத்துவர் சில நிமிடங்களில் முடிக்கக்கூடிய வேலை அது. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் கணினி எழுமாறாகத் தீர்மானித்தது. நோயாளி வீடு திரும்பினாரா, இறந்தாரா என்பது, ஏற்கெனவே இருந்த தேசியச் சுகாதாரப் பதிவேடுகளிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. இன்னொரு சிறப்பு, ஒரே ஆய்வுக்குள் பல மருந்துகள் அருகருகே சோதிக்கப்பட்டதும், பயனற்றவை வெளியேறப் புதியவை உள்ளே வந்ததும் ஆகும். உலகமே பேசிக்கொண்டிருந்த ஹைட்ரொக்சிகுளோரோகுயின் பயனற்றது என்று அதே ஜூன் மாதத்தில் அதே ஆய்வு காட்டியது. வீணான மருந்திலிருந்து நோயாளிகளைக் காப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அரிய நோய்களில் இந்தக் கூட்டு முயற்சி இல்லாமல் ஓரடியும் நகர முடியாது. 1960களில் பத்தில் ஒரு பிள்ளைகூடத் தப்பிப் பிழைப்பது அரிதாயிருந்த சிறுவர் இரத்தப் புற்றுநோயில், இன்று செல்வந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். அதிசய மருந்து ஒன்றால் நடந்ததல்ல இது. வடஅமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிறுவர் புற்றுநோய் நிலையங்கள், பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மருந்துகளையே எந்த அளவில், எந்த வரிசையில், எவ்வளவு காலம் கொடுப்பது என்று ஆய்வுக்குமேல் ஆய்வாகச் சேர்ந்து சோதித்ததன் பலன் அது.

இனி நம் ஊருக்கு வருவோம். மலையகத்தின் வாசலிலேயே, பேராதனையில், உலகம் மதிக்கும் ஒரு வலையமைப்பு பிறந்திருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. பேராதனைப் பல்கலைக்கழகத்தை நிலையமாகக் கொண்டு, இலங்கை, அவுஸ்திரேலிய, பிரித்தானிய ஆய்வாளர்கள் சேர்ந்து நடத்திய தென்னாசிய நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு, பூச்சிக்கொல்லி நஞ்சூட்டலுக்கு ஆளாகி வைத்தியசாலைக்கு வருவோரின் சிகிச்சையை ஆராய்ந்தது. அந்தக் காலத்தில் இலங்கை உலகிலேயே மிக உயர்ந்த தற்கொலை வீதங்களில் ஒன்றைக் கொண்டிருந்த நாடு; 1990களின் நடுப்பகுதியில் அது உச்சத்தைத் தொட்டது. இந்த ஆய்வாளர்கள் மூன்று இலங்கை வைத்தியசாலைகளில் 4,632 நோயாளிகளைச் சேர்த்து, நஞ்சை உறிஞ்சும் என்று நம்பிப் பரவலாகக் கொடுக்கப்பட்டுவந்த கரித்தூள் சிகிச்சையைச் சோதித்து, அதனால் இறப்பு குறையவில்லை என்று 2008இல் அறிவித்தார்கள். உலகெங்கும் பாடநூல்களில் இருந்த ஒரு பழக்கத்துக்கான விடை, தாதியரும் இளம் மருத்துவர்களும் இரவு பகலாகப் படிவம் நிரப்பிய நம் நாட்டு விடுதிகளிலிருந்தே சென்றது.

அதைவிடப் பெரிய பயன், தொடர்ச்சியாகச் சேர்ந்த பதிவேடுகளிலிருந்து வந்தது. ஒரே வகையைச் சேர்ந்தவை, ஒரே அளவு ஆபத்தானவை என்று கருதப்பட்ட பூச்சிக்கொல்லிகளுக்கிடையே, நோயாளி பிழைக்கும் வாய்ப்பில் பெருத்த வேறுபாடு இருப்பதை அந்தப் பதிவுகள் காட்டின. சிகிச்சையால் மட்டும் வெல்ல முடியாத இடம் இது என்பது தெளிவானதும், மிகக் கொடிய சில இரசாயனங்களைச் சந்தையிலிருந்தே அகற்ற அரசு முடிவுசெய்தது. டைமெதொயேட், பெந்தியோன், பரகுவாட் ஆகியவை 2008க்கும் 2011க்கும் இடையில் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதற்கு முந்தைய தடைகளோடும் சிகிச்சை மேம்பாட்டோடும் சேர்ந்து, 1995க்கும் 2015க்கும் இடையில் இலங்கையின் தற்கொலை இறப்பு வீதம் ஏறத்தாழ 70 சதவீதம் வீழ்ந்தது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. நுவரெலியாவிலும் வெலிமடையிலும் மரக்கறித் தோட்டம் செய்யும் குடும்பங்களையும், தேயிலைக்கு மருந்தடிக்கும் தொழிலாளரையும் நினைத்துப் பார்த்தால், அந்த எண்ணுக்குள் நம்மவர்களும் இருப்பார்கள். வைத்தியசாலை விடுதியில் எழுதப்பட்ட குறிப்பு, சில ஆண்டுகளுக்குள் நாட்டின் சட்டமாகி, கடை அலுமாரியில் இருந்த போத்தலை அகற்றியது. ஆய்வு மக்களைச் சென்றடைவதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எல்லா முடிவுகளும் இவ்வளவு சீராகக் கீழே இறங்கி வருவதில்லை. பிரஷர் நோயை எடுத்துக்கொள்வோம். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வரும் ஐம்பது வயதுப் பெண்ணொருவர் விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, அன்றைய பேரை, அதாவது நாட்சம்பளத்தை, இழந்து, கிளினிக் கொப்பியோடு வரிசையில் நின்று, மாதத்துக்கான மாத்திரைகளைக் கடதாசி உறைகளில் வாங்கிச் செல்கிறார். ஓர் உறையில் காலை மாத்திரை, இன்னோர் உறையில் இரவு மாத்திரை, மூன்றாவதில் பாதியாக உடைத்துப் போட வேண்டியது. உறைமேல் எழுதியிருப்பது அவருக்குப் புரியும் மொழியில் இல்லாத நாட்களும் உண்டு. ஒரு மருந்து முடிந்ததும் மற்றதை நிறுத்திவிடுவதும், தலைசுற்றினால் எல்லாவற்றையும் விட்டுவிடுவதும் எளிதில் நடக்கும். இந்தச் சிக்கலுக்கு, மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கித் தொடக்கத்திலேயே கொடுத்தால் என்ன என்று கேட்ட ஆய்வு, களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடமும் அவுஸ்திரேலியாவின் ஜோர்ஜ் நிறுவனமும் இணைந்து இலங்கையிலேயே நடத்திய ட்ரையம்ப் ஆய்வு. நகர்ப்புறங்களிலுள்ள 11 வைத்தியசாலைக் கிளினிக்குகளில் 700 நோயாளிகள் அதில் சேர்ந்தார்கள். ஆறு மாதங்களின்பின் ஒரே மாத்திரை எடுத்தவர்களில் 70 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதத்தினரும் இலக்கு அளவுக்குள் வந்திருந்தார்கள். 2018இல் வெளியான அந்த முடிவு உலகின் கவனத்தை ஈர்த்தது. பிரஷருக்கான கூட்டு மாத்திரைகள் 2019இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. இதே வழியில் உருவாக்கப்பட்டு, இலங்கை நோயாளிகளும் பங்கேற்ற பன்னாட்டு ஆய்வுகளில் சோதிக்கப்பட்ட மும்மருந்து மாத்திரை ஒன்றுக்கு, 2025 ஜூனில் அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அனுமதி வழங்கியது. பட்டியலில் சேர்வதற்கும், அனுமதி பெறுவதற்கும், மேற்சொன்ன பெண்ணின் கடதாசி உறைக்குள் வந்து சேர்வதற்கும் இடையில் கொள்வனவு, விலை, கையிருப்பு என்று எத்தனையோ படிகள் உள்ளன. அந்தப் படிகளை விரைவுபடுத்தும்படி வற்புறுத்த, ஆய்வில் பங்கேற்ற மக்களுக்கு ஓர் உரிமை உண்டு.

அந்த 11 கிளினிக்குகளும் நகர்ப்புறத்தவை என்பதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆய்வைத் தொடங்க அது நியாயமான இடம். ஆனால் அடுத்த கேள்வி நம்முடையது. அதை ஓரளவு தொட்டது, வங்காளதேசம், பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமப்புறச் சமூகங்களில் 2,645 பேரைச் சேர்த்து நடத்தப்பட்டு 2020இல் வெளியான கோப்ரா ஆய்வு. ஏற்கெனவே அரச சேவையில் இருக்கும் களப் பணியாளர்களே, இலங்கையில் குடும்ப நல உத்தியோகத்தர்களே, வீடுவீடாகச் சென்று பிரஷர் அளந்து, உணவுபற்றி ஆலோசனை சொல்லி, தேவையானவர்களை மருத்துவரிடம் அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளின் முடிவில் இந்தச் சமூகங்களில் இரத்த அழுத்தம் மற்றவற்றைவிடச் சராசரியாக 5 அலகு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஒருவருக்குச் சிறியதாகத் தெரியும் இந்த 5 அலகு, ஆயிரக்கணக்கானோரில் சேரும்போது பக்கவாதத்தையும் மாரடைப்பையும் கணிசமாகக் குறைக்கும். இந்த முறை தோட்டங்களில் பயன்தருமா? குடும்ப நல உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். வீட்டார் மலையில் கொழுந்து பறிக்கும் நேரத்தில் லய வீட்டுக்குப் போய்ப் பயனில்லை. தோட்ட டிஸ்பென்சரியும் அரச கிளினிக்கும் ஒரே நோயாளியைப் பற்றி ஒன்றுக்கொன்று அறிவித்துக்கொள்ள வேண்டும். இவை மருத்துவக் கேள்விகளே. வேறெங்கோ நடந்த ஆய்வு இவற்றுக்கு விடை சொல்லாது.

ஓரிடத்தில் பயன்தந்தது இன்னோரிடத்தில் தீங்காகவும் முடியலாம் என்பதற்கு மகப்பேற்று மருத்துவத்திலேயே கடுமையான சான்று இருக்கிறது. குறைமாதப் பிரசவம் நேரும் நிலையிலுள்ள தாய்க்கு ஸ்டீரொயிட் ஊசி போட்டால் சிசுவின் நுரையீரல் விரைந்து முதிரும் என்று நியூசிலாந்தில் 1972இல் காட்டப்பட்டது. செல்வந்த நாடுகளில் அது பின்னர் வழக்கமான சிகிச்சையாயிற்று. அதையே ஆறு வறிய, நடுத்தர வருமான நாடுகளின் சமூகங்களில் பரவலாக்கிப் பார்த்த ஓர் ஆய்வு, சிசு இறப்பு குறைவதற்குப் பதிலாக மொத்தத்தில் சற்றுக் கூடியதாக 2015இல் அறிவித்தது. கர்ப்ப காலத்தைச் சரியாகக் கணிக்க முடியாத, பிறந்த சிசுவைப் பராமரிக்க வசதியில்லாத இடங்களில் ஊசி மட்டும் போய்ச் சேர்ந்ததே அதற்குக் காரணமாகப் பேசப்பட்டது. குழப்பத்தைத் தீர்க்க உலக சுகாதார ஸ்தாபனம் இந்தியா, பாகிஸ்தான், வங்காளதேசம், கென்யா, நைஜீரியா ஆகிய நாடுகளின் 29 வைத்தியசாலைகளை இணைத்து, பராமரிப்பு வசதியுள்ள இடங்களில் மட்டும் மீண்டும் சோதித்தது. அங்கே சிசு இறப்பு தெளிவாகக் குறைந்தது என்று 2020இல் முடிவு வந்தது. எந்தப் படியில் உள்ள வைத்தியசாலையில் எந்தச் சிகிச்சை பாதுகாப்பானது என்பதை அந்தப் படியிலுள்ள வைத்தியசாலைகள் பங்கேற்காமல் அறிய முடியாது.

இரத்தச்சோகையும் அப்படித்தான். இரத்தச்சோகையுள்ள தாய்மார் பிரசவத்தின்பின் கூடுதல் ஆபத்துக்கு உள்ளாகிறார்கள் என்பதால், டிரானெக்சமிக் அமிலத்தை முன்கூட்டியே கொடுத்து இரத்தப்போக்கைத் தடுக்கலாமா என்று பாகிஸ்தான், நைஜீரியா, தன்சானியா, சாம்பியா ஆகிய நாடுகளில் 15,068 தாய்மாரிடம் சோதிக்கப்பட்டது. 2023இல் வந்த விடை, முடியாது என்பதே. போஷாக்குக் குறைபாடு தலைமுறைகளாக நீடிக்கும் தோட்டப்புறத்துக்கு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடளாவிய வீதத்தின் இருமடங்குக்குக் கிட்டவாக, 31.7 சதவீதமாக 2016ஆம் ஆண்டு மதிப்பாய்வில் பதிவான நம் தோட்டப்புறத்துக்கு, அந்த விடையும் மிகத் தேவையானது. ஊசியால் குறுக்குவழி இல்லை; கர்ப்பத்துக்கு முன்பே இரத்தச்சோகையைத் தீர்க்க வேண்டும்.

ஆய்வில் மலையகத்தவர் சேர வேண்டும் என்று சொல்லும்போது வரலாற்றை மறைக்கக் கூடாது. தோட்டத் தொழிலாளரின் உடல் மருத்துவத் திட்டங்களுக்குப் புதியதல்ல. 1916ஆம் ஆண்டில் ரொக்பெல்லர் மன்றம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது அதற்குத் தெரிவான முதல் இடம் மாத்தளைப் பகுதித் தோட்டங்கள். ஒரே இடத்தில், ஒரே கட்டுப்பாட்டின்கீழ் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்ததுதான் அந்தத் தெரிவுக்கு வசதியாக அமைந்தது. மருந்து கொடுக்கப்பட்டது, கழிப்பிடம் கட்டுவதில் தோட்ட நிர்வாகங்கள் தயங்கின, புழுத் தொற்று திரும்பத் திரும்ப வந்தது. அங்கே தொழிலாளரிடம் சம்மதம் கேட்கும் வழக்கம் இருக்கவில்லை. இன்று நிலைமை வேறு: அறநெறி மீளாய்வுக் குழுவின் அனுமதி இல்லாமல் எந்த ஆய்வும் நடக்க முடியாது, 2006இலிருந்து இயங்கும் இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் ஆய்வுகளை முன்கூட்டியே பதியும் ஏற்பாடு இருக்கிறது, சம்மதப் படிவம் நோயாளியின் மொழியில் இருக்க வேண்டும். விதி இருந்தாலும், கடைசியில் எல்லாம் ஒரு மேசையின் இரு பக்கங்களிலும் இருப்பவர்களிடையேதான் நடக்கிறது. வெள்ளைக் கோட்டு அணிந்தவர் நீட்டும் கடதாசியில் கைந்நாட்டு இடாமல் விட்டால் மருந்து கிடைக்காதோ என்று அஞ்சும் நோயாளிக்கு, “அம்மா, நீங்கள் சேராவிட்டாலும் உங்களுக்கான வைத்தியம் அப்படியே நடக்கும், இடையில் வேண்டாம் என்று தோன்றினாலும் விலகலாம்” என்று தமிழில், அவசரப்படாமல், அவர் நம்பும்படி சொல்ல ஓர் ஆள் வேண்டும். தோட்ட நிர்வாகம் சார்ந்த எவரும் அந்த இடத்தில் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்தால், மலையக வைத்தியசாலைகளை இணைக்கும் ஓர் ஆய்வு வலையமைப்புக்கு வேண்டியவை கைக்கெட்டாதவை அல்ல. அடித்தளம் பதிவேடு: எத்தனை தாய்மார் இரத்தப்போக்கோடு வந்தார்கள், எவ்வளவு நேரத்தில் மருந்து ஏற்றப்பட்டது, என்ன ஆனது என்பதை எல்லா வைத்தியசாலைகளும் ஒரே மாதிரி எழுதிவைக்க வேண்டும். இலங்கையின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளை ஒரே மின்பதிவேட்டில் இணைக்கும் வேலை, உள்நாட்டு மருத்துவர்களாலேயே முன்னெடுக்கப்பட்டு, பின்னர் பிற ஆசிய நாடுகளுக்கும் பரவியிருக்கிறது. ஆகவே செய்யும் திறமை இங்கே இல்லை என்று சொல்ல முடியாது. கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் ஆய்வுக்குப் பழகியவை. நுவரெலியா, பதுளை, திக்கோயா ஆகியவற்றை அவற்றோடு இணைத்தால் தோட்ட மக்கள் உண்மையில் வந்து சேரும் இடங்கள் வலைக்குள் வந்துவிடும்.

எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டால், பிரசவ இரத்தப்போக்கிலிருந்தே தொடங்கலாம் என்பேன். கென்யா, நைஜீரியா, தென்னாபிரிக்கா, தன்சானியா ஆகிய நாடுகளின் 80 வைத்தியசாலைகளில், 2,10,000க்கும் மேற்பட்ட பிரசவங்களை உள்ளடக்கி நடந்து 2023இல் வெளியான ஈ-மோட்டிவ் ஆய்வு புதிய மருந்து எதையும் சோதிக்கவில்லை. வழிந்த இரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடுவதை விட்டுவிட்டு, அளவுகோடிட்ட பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றில் சேகரித்து அளந்தார்கள். கோட்டைத் தாண்டியதும், கருப்பையைத் தேய்த்தல், கருப்பையைச் சுருங்கவைக்கும் மருந்து, டிரானெக்சமிக் அமிலம், நாளத்தில் திரவம், பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருங்கே செய்தார்கள். முன்பு ஏறத்தாழ பாதி தாய்மாரில் மட்டுமே உரிய நேரத்தில் கண்டறியப்பட்ட மிகைப்போக்கு, பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோரில் கண்டறியப்பட்டது. கடும் இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. அங்கே அந்த முறையைக் கையாண்டவர்களில் பெரும்பாலோர் மருத்துவ மாதுகள்.

மஸ்கெலியாவிலோ லிந்துலையிலோ உள்ள சிறிய வைத்தியசாலையின் பிரசவ அறையில் அதே விரிப்பை விரித்து, அதே வரிசையைப் பின்பற்றி, அம்புலன்ஸ் புறப்பட்ட நேரத்தையும் மருந்து ஏற்றிய நேரத்தையும் எழுதிவைக்க ஒரு தாதியும் ஒரு மருத்துவ மாதும் போதும். அவர்களுடைய வேலைநேரத்தில் அதற்கென ஒரு பகுதியை ஒதுக்கி, அதற்குரிய கொடுப்பனவை வழங்கச் சுகாதார அமைச்சும் மத்திய, ஊவா மாகாண சபைகளும் இணங்க வேண்டும். அந்தக் குறிப்புகளை மாதந்தோறும் வாங்கிச் சேர்த்து, விடையை அதே பிரசவ அறைக்குத் தமிழிலும் சிங்களத்திலும் திருப்பி அனுப்பும் பொறுப்பைப் பேராதனை ஏற்கலாம்.